ஆளில்லா விமானத்தின் மூளை

விமானம் தோன்றிய காலத்தில், அதனைச் செலுத்துபவர் ஒரு கணமும் கையை எடுக்க இயலாது. காற்று ஒரு புறம் தள்ளினால் மறுபுறம் திருப்பிச் சமன் செய்துகொண்டே இருத்தல் வேண்டும். இந்நிலையை மாற்ற முனைந்தவர் அமெரிக்கரான லோரன்ஸ் ஸ்பெரி. 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாரிஸ் நகருக்கு அண்மையில், செயின் நதிக்கு மேலாக அவர் தமது விமானத்தைச் செலுத்தி வந்தார். கூடியிருந்தோர் காணத் தம் இரு கைகளையும் உயர்த்தினார். உடன் வந்த பொறித்துணைவர் எழுந்து இறக்கையின்மேல் நடந்தார். விமானமோ சாயவில்லை. வேகமாகச் சுழலும் பம்பரத்தின் அச்சு எளிதில் திசை மாறாது என்ற இயல்பைத் துணைக்கொண்டு அமைத்த பொறியொன்று விமானியின் தொழிலைச் செய்தது.

அந்தப் பொறியின் வழித்தோன்றல் இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்சுற்றுப் பலகையாகிவிட்டது. விமானி ஏறாத சிறு விமானங்களுக்கு மூளையாவது அதுவே. பலகையின்மேல் அமைந்த உணரிகள், விமானம் எப்பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எத்துணை உயரத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்லும். கணிக்கும் சில்லு அவற்றை ஆராய்ந்து, மோட்டர்களுக்குக் கட்டளை பிறப்பிக்கும். இது ஒரு வினாடியில் பல நூறு முறை நிகழ்கிறது.

இவ்வேலை தடைப்பட்டால் நேர்வது யாது? இறக்கையுள்ள விமானம் சிறிது தூரம் மிதந்து செல்லக்கூடும். நான்கு விசிறிகளால் நிற்கும் வகையோ கல்லைப்போல் விழும். காற்றின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகம் பெற்றிருக்கும். காற்று அதை ஓரளவு தணிக்குமாயினும், கீழே நிற்பவர் தலைக்கு அது போதிய ஆறுதல் ஆகாது. ஆகவே இப்பலகையை வரைபவர், வரைந்ததைத் திருத்தி மீண்டும் வரைபவர், முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உறுப்புப் பழுதானால் அடுத்த கணம் என்ன ஆகும்?

இக்கேள்வி ஒரு பலகையை எவ்வாறு மாற்றிற்று என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 2008ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் மையர் என்ற மாணவரும் அவர்தம் தோழரும் ஒரு சிறு விமானத்துக்கான மூளையை அமைக்கத் தொடங்கினர். அம்முயற்சியின் பெயர் பிக்ஸ்ஹோக். கணிக்கும் பகுதி ஒரு பலகையாகவும், கட்டளைகளை வெளியே அனுப்பும் பகுதி மற்றொரு பலகையாகவும் முன்னர் இருந்தன. 2013இல் இரண்டும் ஒரே பலகையாயின. எனினும் இரண்டாவது பகுதிக்குரிய சிறு சில்லு நீக்கப்படவில்லை. பெரிய சில்லு செயலிழந்தால், இறக்கையுள்ள விமானத்தைத் தரையில் நிற்பவர் தம் கைக்கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள அது வழிவிடும். பலகை ஒன்றானபோதும் பொறுப்புகள் இரண்டாகவே நின்றன.

பின்வந்த வடிவங்களில் அசைவை அறியும் உணரிகள் மூன்றாயின. இதன் நியாயம் நீதிமன்றம் சென்றவர்க்கு எளிதில் விளங்கும். ஒரே சாட்சி பொய் சொன்னால் கண்டறிய வழியில்லை. இருவர் முரண்பட்டால் எவரை நம்புவதென்று தெரியாது. மூவர் இருப்பின், இருவர் ஒத்துரைப்பதைக் கொண்டு மூன்றாமவரை விலக்கலாம்.

ஆயினும் மூன்று சாட்சிகளும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்டவர்களாயின், அவர்கள் மூவரல்லர், ஒருவரே. மூன்று உணரிகளுக்கும் ஒரே கம்பியில் மின்சாரம் வந்தால், அக்கம்பி அறுந்ததும் மூன்றும் ஒருங்கே ஊமையாகும். விசிறிகளின் அதிர்வு ஒரே அளவில் தாக்கினால் மூன்றும் ஒரே பொய்யைச் சொல்லும். அதனாலேயே, கியூப் என்னும் அமைப்பில் மூன்று உணரிகளுள் இரண்டை மெத்தைபோன்ற தாங்கியின்மேல் ஏற்றி, வெப்பநிலை மாறாதிருக்கச் சூடேற்றவும் செய்தனர். மூன்றாவதைப் பலகையோடு இறுக்கி வைத்தனர். வேறு வடிவங்களில் ஒவ்வோர் உணரிக்கும் மின்வழியும் செய்தி வழியும் தனித்தனியாயின. எண்ணிக்கையைப் பெருக்குவது எளிது. சார்பின்மையைப் படைப்பதே அரிது. மறு வடிவமைப்பு என்பதன் சாரம் இதுவே.

இனி, சூரிச்சில் பிறந்த இப்பலகை திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவதாகக் கொள்வோம். கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு அவசர மருந்தைச் சுமந்து செல்லவோ, கரை திரும்பாத மீனவர் தோணியைத் தேடவோ இத்தகைய விமானம் பயன்படக்கூடும். ஆனால் இக்கரையில் அதனை எதிர்கொள்பவை வேறு.

முதலாவது, உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் செம்பை அரிக்கும். மூன்று உணரிகளின் பற்றாசையும் ஒருங்கே கெடுக்கும். பலகையின்மேல் மெல்லிய காப்புப் பூச்சு இடுவதே இதற்குப் பரிகாரம். ஆனால் உயரத்தைக் காட்டும் பாரமானிச் சில்லில் காற்று நுழையும் நுண்துளை ஒன்றுண்டு. பூச்சு அதனை அடைத்துவிட்டால் விமானம் தன் உயரத்தை அறியாது. கடல்மட்டத்தருகே 8 மீற்றர் ஏறினால் காற்றமுக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும். அத்துணை நுண்ணிய வேறுபாட்டை அளக்கும் உறுப்பு அது. ஆதலின் பூசும் கை எதை மூடுவது, எதை விடுவது என்று அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இரும்பு. கப்பல்களும் பாரந்தூக்கிகளும், பிரித்தானியர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளும், இறங்குதுறைக் கொங்கிறீற்றுக்குள் மறைந்த கம்பிகளும் அருகிலுள்ள திசைகாட்டியை மயக்கும். அருகருகே மூன்று திசைகாட்டிகளை வைத்தாலும் மூன்றும் ஒருசேர மயங்கும். காந்தத்தை நம்பாத சாட்சியே இங்கு வேண்டும். செய்மதிச் செய்தி வாங்கும் இரண்டு அன்ரெனாக்களைச் சற்று இடைவிட்டுப் பொருத்தி, அவற்றின் நிலையை ஒப்பிட்டுத் திசை காணும் முறை இதற்கு உதவும்.

மூன்றாவது, வடகீழ்ப் பருவக்காற்று. அதன் வீச்சுக்கு எதிராக மோட்டர்கள் திடீரென மிகுந்த மின்சாரம் இழுக்கும்போது, மூளைக்குச் செல்லும் மின்னழுத்தம் தாழ்ந்து அது மயங்கிவிடலாகாது. மூளைக்கு இரு வழிகளில் மின்சாரம் ஊட்டும் ஏற்பாடு இதனால் எழுந்தது.

இவற்றை அறியச் சூரிச்சிலுள்ள பொறியியலாளர் இங்கு வந்து வாழவேண்டியதில்லை. பிக்ஸ்ஹோக்கின் வரைபடங்கள் உலகத்தார் எவரும் எடுத்துக் கற்கவும் திருத்தவும் வெளியிடப்பட்டவை. 1949இல் சென்னை குரோம்பேட்டையில் சி. இராசம் நிறுவிய தொழினுட்பக் கல்லூரி, அப்துல் கலாம் பயின்ற இடம். அங்கிருந்து புறப்பட்ட தக்ஷா என்னும் குழு, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடைபெற்ற மருத்துவப் பணிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் பங்குபற்றியது. தமிழ்நாட்டு மாணவர்க்கு இயன்றது திருகோணமலை மாணவர்க்கு இயலாததன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. திருகோணமலை கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் அமைந்த இடம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டு, உரிய அனுமதி பெற்றே எதையும் பறக்கவிடல் வேண்டும். மேசைமேல் செய்யும் சோதனைக்கோ அத்தகைய தடை ஏதுமில்லை. பலகையை உப்புநீர் ஆவியில் வைத்துப் பார்க்கலாம். ஓர் உணரியின் கம்பியை வேண்டுமென்றே கழற்றி, மற்றவை என்ன செய்கின்றன என்று நோக்கலாம்.

மேசையின்மேல் கண்ட பழுது ஒரு பாடமாகும். அதே பழுது குடாவுக்கு மேலே தோன்றின், மூதூரில் காத்திருக்கும் நோயாளிக்கு மருந்து வந்து சேராது. உப்பும் இரும்பும் காற்றும் தம் ஊரில் என்ன செய்யும் என்பதை அறிந்தவர் இவ்வூரார். இப்பலகையை இவ்வூருக்கு ஏற்பத் திருத்தும் வேலை அவர்களுக்கே உரியது.