மூணு மாசத்துல முளைக்குமா?

(கணினி மொழி கற்றால் வேலை நிச்சயம் என்பது நம்பிக்கையே! மயக்கமே! – 'மயக்கமே' அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "மூணு மாசம் கோடிங் படி, நாலாவது மாசம் சம்பளம் வாங்கு" என்றார். அய்யா, கத்தரிக்காய்ச் செடிகூட நாத்து விட்டு, நட்டு, பூத்து, காய்க்க மூணு மாசத்தை ஒட்டி ஆகுது. கத்தரிக்காய்க்கு ஆகிற நேரத்துல கணினி வல்லுநரா? (சிரிப்பு)

நான் கல்லூரியில் கணினி சொல்லிக் கொடுப்பவன். கோடிங் படிக்காதே என்று சொல்ல நான் வரலை. அப்படிச் சொன்னால் என் சோற்றில் நானே மண் அள்ளிப் போட்ட மாதிரி. படிக்கலாம், நல்லா வரலாம். ஆனால் 'நிச்சயம்' என்று ஒரு வார்த்தை இருக்கே, அதுதான் மயக்கம்!

ஏன் மயக்கம்? ஒரு சின்ன உதாரணம். கல்யாண வீட்டில் மொய் எழுதுறோம். பெயர், ஊர், தொகை. இதைக் கணினியில் ஏத்த ஒரு புரோகிராம் எழுதணும். வீடியோவைப் பார்த்து ஒரு பையன் ஒரே ராத்திரியில் எழுதிட்டான். அம்மாவுக்குப் பெருமை பிடிபடலை. "என் பிள்ளை இஞ்சினீயர் ஆயிட்டான்."

மறுநாள் கல்யாணம். முதல் ஆள் வர்றார்: "முருகேசன், உசிலம்பட்டி, 501 ரூபாய்." ஏத்தியாச்சு. அடுத்தவர் வர்றார்: "முருகேசன், உசிலம்பட்டி, 1001 ரூபாய்." இவர் வேற முருகேசன்! கணினி ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, 1502 என்று கூட்டிப் போட்டுருச்சு. மூணாவது ஆள் பணம் கொடுக்கலை, ஒரு கிராம் மோதிரம் கொடுத்தார். தொகை என்கிற கட்டத்தில் மோதிரத்தை எப்படி எழுதுறது? நாலாவது ஆள், உறையில் பேரே எழுதாமல் கொடுத்துட்டுப் பந்திக்குப் போயிட்டார்! (சிரிப்பு)

நம்ம ஊர் மொய் எழுதுற பெரியவர் என்ன செய்வார்? மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "எந்த முருகேசன்ப்பா? டீக்கடையா, ரைஸ்மில்லா?" என்று கேட்பார். கணினி கேட்காது. கேட்கச் சொல்லி நாம எழுதி வச்சாத்தான் கேட்கும். அப்ப, மொழி தெரியறது வேற, வேலை தெரியறது வேற. மொழியின் இலக்கணத்தை ரெண்டு மூணு மாசத்தில் படிச்சிடலாம். ரெண்டு முருகேசன் வருவாங்கன்னு முன்கூட்டியே நினைக்கிற புத்தி இருக்கே, அது பழகப் பழகத்தான் வரும். (கைதட்டல்)

1949ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினியை உருவாக்கியவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் என்ன எழுதினார் தெரியுமா? தன் மீதி வாழ்நாளில் கணிசமான பகுதி தன் புரோகிராமில் உள்ள தப்பைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று அன்றைக்கே உணர்ந்தாராம். கணினியைப் படைத்தவருக்கே அந்த நிலைமை! அப்படியிருக்க, நம்ம வீட்டுப் பிள்ளை ஒரு தப்பைத் தேடி ரெண்டு நாள் உட்கார்ந்தால், "உனக்கு இது வராதுடா" என்கிறோம். தப்பைத் தேடுறதுதானுங்க அந்தத் தொழிலே!

எதிரணித் தலைவி ஒரு நல்ல சான்று சொன்னாங்க. பட்டம் இல்லாமலே ஜோஹோ நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது என்றாங்க. உண்மை, மறுக்கலை. அவர்கள் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுக்கிறார்கள். ஆனால் அம்மா, பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுட்டீங்களே! அங்கே பயிற்சி எத்தனை காலம்? ரெண்டு வருஷம்! உதவித்தொகையும் கொடுத்து, முழுநேரமா உட்கார வச்சே ரெண்டு வருஷம் ஆகுது. உங்க மூணு மாசம் எங்கே போச்சு? (பலத்த கைதட்டல்)

சரி, நல்லாக் கத்துக்கிட்டவனுக்காவது வேலை நிச்சயமா? 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அவங்கள்ல எத்தனையோ பேர் கோடிங்கில் கரை கண்டவங்க. சந்தை ஏறும், இறங்கும். திறமை நம்ம கையில், சந்தை நம்ம கையில் இல்லை.

இன்னொன்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. "மொய் புரோகிராம் எழுது" என்றால் ஒரு நிமிஷத்தில் எழுதித் தருது. அப்ப மனுஷனுக்கு என்ன வேலை? அது எழுதினது சரியா என்று பார்க்கிற வேலை! உசிலம்பட்டியில் எத்தனை முருகேசன் என்று அதுக்குத் தெரியுமா? வெறும் இலக்கணம் படித்தவன் நிலைமை இன்றைக்குக் கஷ்டம். யோசிக்கப் பழகினவனுக்கு அது கையாள்.

நடுவர் அவர்களே, இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. என்னிடம் ஒரு மாணவி வந்தாள். அப்பா கூலி வேலை. அம்மா தாலிக்கொடியை அடகு வச்சு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டியிருந்தாங்க. "நூறு சதவீதம் வேலைன்னு சொன்னாங்க சார்" என்றாள். ரசீதை வாங்கிப் பார்த்தேன். 'வேலை பெற உதவி' என்று இருந்தது. உதவி வேற, உத்தரவாதம் வேற! அந்த ஒரு வார்த்தைக்கு நடுவில் ஒரு தாயின் தாலி கிடக்குது.

அவள் நல்லாப் படிக்கிற பொண்ணு. வேலையும் கிடைத்தது. எப்போது? ஒன்றரை வருஷம் கழித்து. முதலில் புரோகிராம் எழுதுற வேலை இல்லை. மத்தவங்க எழுதினதைச் சோதிக்கிற வேலை. அது கீழான வேலை இல்லீங்க, வீட்டுக்கு அது ஒரு வாசல். ஆனால் அந்த ஒன்றரை வருஷமும் வீட்டில் தினம் தினம் "இன்னும் கிடைக்கலையா" என்ற கேள்வி. மூணு மாசம் என்று சொல்லிவிட்ட ஒரே காரணத்தால், நல்லாப் போய்க்கிட்டிருந்த பிள்ளை தோத்த பிள்ளை மாதிரித் தலைகுனிஞ்சு நின்னுச்சு. மயக்கம் பணத்தை மட்டுமா தின்னுச்சு? தன்னம்பிக்கையையும் தின்னுச்சே!

அதனால் பெற்றோர்களே, பணம் கட்டும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, ரசீதில் என்ன எழுதியிருக்கு என்று படியுங்கள். இரண்டு, பைத்தான் மாதிரி மொழியைக் கற்க இணையத்தில் காசில்லாத பாடங்கள் இருக்கு. ரெண்டு மாசம் அதில் படிக்கட்டும், வீடியோவை மூடிவிட்டுத் தானாக ஒரு கணக்குப் போடுகிறானா பாருங்கள். மூன்று, தினம் ரெண்டு மணி நேரம் என்றால் ஒன்று, ஒன்றரை வருஷம் ஆகும் என்று மனசைத் தயார் பண்ணுங்கள். வணிகவியல் படித்தவனா? அந்தக் கணக்கு அறிவை விட்டுவிடாதே, அதோடு கோடிங்கைச் சேர்த்துக்கொள். அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

சாயங்காலம் பிள்ளையைப் பார்த்து "வேலை கிடைச்சுதா?" என்று கேட்காதீங்க. "இன்னிக்கு எந்தத் தப்பைக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்க. அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

படிப்பது நம்பிக்கை, உழைப்பது நம்பிக்கை. படித்த உடனே நிச்சயம் என்பது மயக்கமே, மயக்கமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.