"நர்ஸ்தானாம்": ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதை

ஈக்காட்டுத்தாங்கல்லேர்ந்து பேசறேன். நடுநடுவுல மெட்ரோ போற சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அசோக் நகர்லேர்ந்து ஒரு நேயர் கேட்டிருக்கார். அவர் பொண்ணு நர்சிங் காலேஜ்ல சேர்ந்திருக்கா. அங்க பிரின்சிபால் அறை வாசல்ல, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கு. "விசாரிச்சா அவங்க நர்ஸ்தானாம். அப்படிப் போட்டுக்கலாமா சார்?"

தாராளமா போட்டுக்கலாம். அவங்க பிஎச்டி முடிச்சவங்களா இருப்பாங்க. தமிழ்ல இந்தக் குழப்பமே வராது. வைத்தியம் பார்க்கறவர் மருத்துவர், ஆய்வு செஞ்சு பட்டம் வாங்கினவர் முனைவர். இங்கிலீஷ்லதான் ரெண்டு பேரும் "டாக்டர்".

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனா அந்த "நர்ஸ்தானாம்" என்னை விடமாட்டேங்குது. அதைப்பத்திப் பேசத்தான் இன்னிக்கு உக்காந்திருக்கேன்.

நைட்டிங்கேல், கிரிமியா, கையில விளக்கு எல்லாம் உங்களுக்குத் தெரியும். வேகமா தாண்டிடறேன். மதராஸ்ல 1854-லயே மருத்துவச்சிகளுக்கு அரசு பயிற்சி தொடங்கியாச்சு. 1871-ல நம்ம ஜி.எச்.ல பயிற்சிப் பள்ளி. 1926-ல மதராஸ் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம்; அதுல வந்த கவுன்சில்தான் இன்னிக்கு சாந்தோம் ஹை ரோட்டுல இருக்கு. 1946-ல வேலூர் சி.எம்.சி.யிலயும் டெல்லியிலயும் நர்சிங்ல பட்டப்படிப்பு வந்துச்சு. அதே வருஷம், நாட்டோட சுகாதார நிலையை ஆராய்ஞ்ச போர் (Bhore) குழுவோட அறிக்கை வெளியாச்சு. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க சுமார் 7,000 நர்ஸுங்க, அதாவது 43,000 பேருக்கு ஒருத்தர்னு அதுல எழுதியிருக்கு. பிஎச்டி எப்போ வந்துச்சு தெரியுமா? 1992, டெல்லி பல்கலைக்கழகத்துல. பட்டப்படிப்புலேர்ந்து பிஎச்டிக்கு வர 46 வருஷம் ஆயிருக்கு. இப்போ என் வீட்டுலேர்ந்து ஆட்டோ ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துடற கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துலயே செய்யலாம்.

இனிமே நான் நிதானமா சொல்லப்போறேன். 1908-ங்கற வருஷத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அந்த வருஷம்தான் இந்தியாவுல டிரெயின்டு நர்சஸ் அசோசியேஷன் உருவாச்சு. ஆரம்ப காலத்துல அதை நடத்தினவங்க ஐரோப்பியப் பெண்கள். அதே 1908, ஆகஸ்ட் மாசம், நியூயார்க்ல 52 கறுப்பினச் செவிலியர் கூடி தங்களுக்குன்னு ஒரு தேசியச் சங்கம் தொடங்கினாங்க. கூட்டினவர் மார்த்தா ஃபிராங்க்ளின். ஒவ்வொரு ஊர் செவிலிக்கும் கையாலயே எழுதி, 1,500 கடிதம் போட்டவர். போனும் இல்லாம குழுவும் இல்லாம, ஒரு தனி ஆள்! இதை நினைச்சாலே எனக்குச் சிலிர்க்குது.

தனிச் சங்கம் ஏன் தொடர்ந்து தேவைப்பட்டுச்சுன்னு கேப்பீங்க. சில வருஷத்துல, அமெரிக்கச் செவிலியர் சங்கத்துல சேரணும்னா மாநிலச் சங்கம் வழியாத்தான் போகணும்னு ஆச்சு. தெற்கு மாநிலங்கள்ல அந்தக் கதவைச் சாத்தி வச்சிருந்தாங்க. படிப்பு இருக்கு, தேர்வுல தேறியிருக்காங்க, உறுப்பினர் சீட்டு மட்டும் கிடையாது.

கறுப்பினச் செவிலியர் சங்கத்துக்குப் பிற்காலத்துல செயலாளரா வந்தவர் மேபல் ஸ்டாப்பர்ஸ். ரெண்டாம் உலகப்போர் நடக்குது. 1941-ல ராணுவம் கறுப்பினச் செவிலியரை எடுத்துக்கறோம்னு சொல்லி, 56 பேர்தான்னு கோடு போட்டுச்சு. வெள்ளைக்காரச் சிப்பாயை அவங்க தொடக்கூடாதுன்னு தனி வார்டு. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகளைப் பார்த்துக்க இவங்களை அனுப்பினாங்க. சொந்த நாட்டு வீரனைத் தொட விடல, எதிரி நாட்டுக் கைதிக்குக் கட்டுப்போட விட்டாங்க! 1944 நவம்பர்ல ஸ்டாப்பர்ஸ் ஜனாதிபதியோட மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைப் பார்த்து இதையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

1945 ஜனவரி 6. ஜனாதிபதி ரூஸ்வெல்ட், செவிலியர் போதல, கட்டாயமா ஆள் எடுக்கச் சட்டம் வேணும்னு அறிவிக்கறார். அதே மாசம் நியூயார்க்ல ராணுவத் தலைமை மருத்துவர் நார்மன் கிர்க் ஒரு கூட்டத்துல பேச வந்தார். ஸ்டாப்பர்ஸ் எழுந்து நின்னார். இவ்வளவு பஞ்சம்னா எங்க பெண்களை ஏன் எடுக்கலைன்னு நேராவே கேட்டார். அன்னிக்கு ராணுவத்துல இருந்த கறுப்பினச் செவிலியர் சில நூறு பேர்தான், மொத்தச் செவிலியரோ 40,000-க்கு மேல. அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்க முடியும்? நாடு பூராவும் வெள்ளை மாளிகைக்குத் தந்தி பறந்துச்சு. ஜனவரி 20-ஆம் தேதி ராணுவம் நிற வேறுபாடு இல்லாம எடுப்போம்னு அறிவிச்சுது. அஞ்சு நாள்ல கடற்படையும் இறங்கி வந்துச்சு.

ஸ்டாப்பர்ஸ் தனி ஆளா எழுந்திருந்தா ரெண்டு பேர் தோளைப் பிடிச்சு உக்கார வச்சிருப்பாங்க. பின்னாடி 37 வருஷமா உறுப்பினர்களைச் சேர்த்துட்டு வந்த சங்கம் இருந்துச்சு. அந்தத் தந்திகளுக்குப் பின்னாடி இருந்ததும் அந்தச் சங்கம்தான்.

அடுத்து நடந்ததை எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு ரொம்ப நாள் யோசனை. 1948-ல அமெரிக்கச் சங்கம் கதவைத் திறந்துச்சு. கேட்டது கிடைச்சாச்சுன்னு 1951-ல இவங்க தங்களோட சங்கத்தைக் கலைச்சுட்டாங்க. சந்தோஷமாத்தான் கலைச்சாங்க, நான் குறை சொல்லல. ஆனா நாலு வருஷம் கழிச்சு, 1955-ல, எலிசபெத் லிப்ஃபோர்டு கென்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பிஎச்டி வாங்கறார். கறுப்பினச் செவிலியர்ல முதல் முனைவர்! அவரை அழைச்சு மேடையேத்தி, வழிகாட்டியா வச்சுக்கிட்டு அடுத்த பத்துப் பேரை உருவாக்கியிருக்க வேண்டிய அந்தச் சங்கம் அப்போ இல்ல. 1971-ல கிளீவ்லாந்துல புதுசா ஒண்ணு தொடங்க வேண்டியதாச்சு. அதுக்கு முதல் தலைவர் டாக்டர் லாரன் சாம்ஸ், டஸ்கீகி செவிலியர் பள்ளியில டீனா இருந்தவர். நடுவுல 20 வருஷம் போயிருச்சு.

நம்ம ஊருக்கு வரேன். என் பெரியம்மா அரசு ஆஸ்பத்திரி ஒண்ணுல ஸ்டாஃப் நர்ஸா இருந்தவங்க. நைட் டியூட்டி போறப்போ சின்ன நோட்டு ஒண்ணு வச்சிருப்பாங்க. இன்னிக்கு எத்தனை பேஷண்ட், நாங்க எத்தனை பேர், அவ்வளவுதான் எழுதியிருக்கும். போதனா மருத்துவமனைப் பொது வார்டுல 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்கு சொல்லுது. அந்த நோட்டைப் புரட்டினா எந்தப் பக்கத்துலயும் அந்தக் கணக்கு வராது. யாரும் அவங்ககிட்ட அந்த நோட்டைக் கேட்டதும் இல்ல.

2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல ஒப்பந்தச் செவிலியர் ஆயிரக்கணக்குல உக்காந்து போராடினது ஞாபகம் இருக்கா? 2015-ல மாசம் 7,700 ரூபாய்க்கு வேலைக்கு வந்தவங்க அவங்க. அந்த மாதிரி இடத்துக்கு என் பெரியம்மா நோட்டு ஆய்வா மாறி வந்திருக்கணும். ஆள் குறைஞ்ச ராத்திரியில எத்தனை ஊசி தவறுது, எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வருதுன்னு எண்ணோட சொல்ல, செவிலியர்ல முனைவர் ஆனவங்களாலதான் முடியும். கல்லூரிக்கு ஒருத்தர், ரெண்டு பேர்னு பிரிஞ்சு உக்காந்திருந்தா அந்த எண்கள் ஆய்வேட்டுக்குள்ளயே தூங்கும். அவங்க ஒரு பட்டியலா, ஒரு சங்கமா சேர்ந்து, வார்டுல நிக்கற சிஸ்டரையும் கூட உக்கார வச்சுக்கணும். 1947-ல வந்த இந்தியன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா 2023-ல தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் வந்திருக்கு. புது விதிகளை எழுதற நேரம் இது. மார்த்தா ஃபிராங்க்ளின் மாதிரி யாராவது கடிதம் எழுத உக்கார்றதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அசோக் நகர் சாருக்கு ஒரு வேண்டுகோள். உங்க பொண்ணு அடுத்த தடவை பிரின்சிபால் அறைக்குப் போறப்போ, "உங்க ஆய்வு எதைப்பத்தி மேடம்?"னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. அவங்க சொல்ற பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்க.