139 மேட்ச், 139 வெற்றி: யூகான் ரெக்கார்டை எப்படிப் படிக்கிறது?

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம். 139-0. அமெரிக்காவுல கனெக்டிகட் பல்கலைக்கழகத்தோட பெண்கள் பாஸ்கெட்பால் டீம், சுருக்கமா யூகான், 2013-ல இருந்து 2020 வரைக்கும் தன்னோட கான்ஃபரன்ஸுக்குள்ள ஆடின மேட்ச் 139. ஜெயிச்சதும் 139. ஏழு சீசன்ல ஒரு தோல்விகூடக் கிடையாது.

இதைக் கேட்டதும் "என்னா டீம்டா!"ன்னு ஒரு கூட்டம் சொல்லும். "எதிர்ல ஆளே இல்ல, ஜெயிக்காம என்ன பண்ணுவாங்க?"ன்னு இன்னொரு கூட்டம் கேட்கும். ரெண்டாவது கூட்டம் கேட்கிறதுல எவ்வளவு நியாயம் இருக்கு? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல கான்ஃபரன்ஸ்னா என்னன்னு சொல்லிடறேன். அங்க முதல் டிவிஷன்ல மட்டும் 300-க்கும் மேல கல்லூரிகள் இருக்கு. எல்லாரும் எல்லார்கூடவும் ஆட முடியாது. அதனால பத்து, பன்னிரண்டு கல்லூரிகள் ஒரு குழுவா சேர்ந்து தங்களுக்குள்ள ஆடுவாங்க. கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்டை ஜெயிச்சா, மார்ச் மாசம் தொடங்குற தேசிய டோர்னமென்ட்டுக்கு நேரடி டிக்கெட்.

யூகான் முதல்ல இருந்தது பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல. 1985-ல ஜீனோ ஆரியெம்மா கோச்சா வந்தார். அதுக்கு முன்னாடி அந்த டீம் தோல்வியை விட அதிகமா ஜெயிச்ச சீசன் ஒண்ணே ஒண்ணுதான். 1989-ல முதல் கான்ஃபரன்ஸ் பட்டம், 1995-ல ஒரு மேட்ச்கூடத் தோற்காம முதல் தேசியப் பட்டம். பிக் ஈஸ்ட்ல நோட்டர் டேம் மாதிரி பலமான டீமும் இருந்துச்சு. 2013 மார்ச்ல கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல யூகானை 61-59ன்னு சாய்ச்சது அவங்கதான்.

அந்த வருஷமே பிக் ஈஸ்ட் உடைஞ்சு போச்சு. காரணம் பாஸ்கெட்பால் இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். டிவி பணம் பெரும்பாலும் அதுலதான் இருக்கு. சிரக்யூஸ், பிட்ஸ்பர்க், நோட்டர் டேம் எல்லாம் வேற கான்ஃபரன்ஸுக்குப் போயிட்டாங்க. பெரிய ஃபுட்பால் டீம் இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட்ங்கிற பேரையும் எடுத்துக்கிட்டுத் தனியா போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க புதுசா சில கல்லூரிகளைச் சேர்த்துக்கிட்டு 'அமெரிக்கன் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸ்'னு புதுப் பேர்ல ஆரம்பிச்சாங்க. யூகான் மாட்டினது அங்க. அந்த 139-0 வந்ததும் அங்கதான்.

ஆக, அந்தக் கான்ஃபரன்ஸ் யூகான் பெண்கள் டீமுக்கு ஈடு இல்லைங்கிறது உண்மைதான். நம்ம வேலையிலயும் பார்த்திருப்பீங்க: ஒரு டெஸ்ட் ஏழு வருஷமா ஃபெயிலே ஆகலைன்னா, கோடு சூப்பரா, இல்ல டெஸ்ட் டம்மியான்னு அதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது.

அப்போ வேற எங்க பார்க்கணும்? கான்ஃபரன்ஸுக்கு வெளியில அவங்களே தேடிப்போய் ஆடின மேட்சுகள்ல. ஸ்டான்ஃபோர்டு, நோட்டர் டேம், பேலர், சவுத் கரோலைனா. 2014 நவம்பர்ல ஸ்டான்ஃபோர்டுகிட்ட ஓவர்டைம்ல 88-86ன்னு தோத்தாங்க. அதுக்கப்புறம் தொடர்ந்து 111 வெற்றி. அதுல நூறாவது வெற்றி, 2017-ல சவுத் கரோலைனாவுக்கு எதிரா. அந்த வருஷம் தேசியப் பட்டம் ஜெயிச்சதே அந்த சவுத் கரோலைனாதான். இந்த 111-ஐ "லேசான எதிரி"ன்னு தள்ளிவிட முடியாது.

2016 மார்ச்ல தேசிய டோர்னமென்ட்ல மிசிசிப்பி ஸ்டேட்டை 98-38ன்னு நொறுக்கினாங்க. 60 பாயின்ட் வித்தியாசம். இப்படி ஒரே டீம் ஜெயிச்சுக்கிட்டே இருந்தா பெண்கள் பாஸ்கெட்பாலுக்கே கெடுதல்னு பேச்சு கிளம்புச்சு. டைகர் வுட்ஸ் ஜெயிச்சப்போ கோல்ஃபுக்குக் கெடுதல்னு யாரும் சொல்லலையே, மத்தவங்கதானே முன்னேறி வந்தாங்கங்கிறது ஆரியெம்மாவோட பதில்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லைன்னு ஒரே வருஷத்துல தெரிஞ்சது. 2017 செமிஃபைனல்ல மறுபடியும் யூகான், மிசிசிப்பி ஸ்டேட். ஓவர்டைமோட கடைசி நொடியில, ஐந்தடி ஐந்தங்குலமே இருக்கிற மார்கன் வில்லியம் போட்ட பந்து உள்ள விழுந்துச்சு. 66-64. 111 வெற்றியோட தொடர் அங்க முடிஞ்சது. 60 பாயின்ட்ல அடிவாங்கின டீம்தான் முடிச்சு வெச்சது.

2018, 2019 ரெண்டு வருஷமும் செமிஃபைனல்ல நோட்டர் டேம்கிட்ட தோல்வி. "லேசான கான்ஃபரன்ஸ்ல ஆடி மழுங்கிட்டாங்க"ன்னு அப்போ பேசினாங்க. ஆனா 2014, 2015, 2016-ல தேசியப் பட்டம் வாங்கினப்பவும் அதே கான்ஃபரன்ஸ்தானே? மாறினது ரெண்டு விஷயம். நாலு வருஷமும் பட்டம் ஜெயிச்ச பிரியானா ஸ்டூவர்ட் படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டார். எதிர் டீம்கள் வளர்ந்துட்டாங்க.

2020-ல யூகான் பிக் ஈஸ்டுக்கே திரும்பிச்சு. 2022 பிப்ரவரியில வில்லனோவா 72-69ன்னு ஜெயிச்சப்போதான், 2013-ல இருந்து ஓடிக்கிட்டிருந்த கான்ஃபரன்ஸ் தொடர் 169 வெற்றியோட நின்னுச்சு. அடுத்த தேசியப் பட்டத்துக்கு 2025 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

என்னைக் கேட்டா, 139-0 யூகானோட பலத்தைக் காட்டுறதை விட, ஃபுட்பால் பணம் ஒரு நல்ல டீமை எங்க கொண்டுபோய் விட்டுச்சுங்கிறதைத்தான் அதிகமா காட்டுது. அந்த டீமோட தரம் தெரியணும்னா, ஆட வேண்டிய கட்டாயமே இல்லாம யார்கூடப் போய் ஆடினாங்கன்னு பாருங்க.

உங்க கருத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.