ஊரைவிட்டு யார் போக வேண்டும்?

(குற்றாலத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உடம்பு வலி தீர அருவியில் நிற்கும் ஊரில் மனக்காயத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒருவர் காயத்திலிருந்து மீள முதல் கட்டம் பாதுகாப்பு, நடந்ததைச் சொல்லி அழுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதினார். சரிதான். ஆனால் "தாக்கியவரிடமிருந்து விலகி இரு" என்றால் காலனிக்காரர் எங்கே விலகுவார்? கடை, பஸ் ஸ்டாப், கூலி கொடுக்கும் வயல் எல்லாம் ஊர்த்தெருப் பக்கம்தானே இருக்கிறது?

இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். 2022 செப்டம்பர். மிட்டாய் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி தர மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய அடிதடி ஒன்றில் போட்ட வன்கொடுமை வழக்கைத் திரும்பப் பெற தலித் தரப்பு மறுத்ததே பின்னணி என்று செய்திகள் வந்தன. பெரியவர்கள் நியாயம் கேட்டார்கள், தண்டனை பிள்ளைகளுக்கு. ஆறுவதற்கு முன்பே அடுத்த காயம்.

கடைக்குச் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவில், குற்றம் சாட்டப்பட்ட 5 பேரும் 6 மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதை நான் தண்டனையாகப் பார்க்கவில்லை, சிகிச்சையாகப் பார்க்கிறேன்.

ஏனென்றால் வழக்கமாக நகர்கிறவர்கள் நாம்தான். 1981 பிப்ரவரியில் இதே தென்காசிப் பகுதியின் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. அவமானத்திலிருந்து தப்ப மதத்தையே விட்டார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து மதமாற்றத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அவமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. திருப்பூருக்கும் சென்னைக்கும் போன நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் வேலைக்காக மட்டும் போனார்கள்?

10ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை வெளியேற்றலாம். 15ஏ பிரிவு மறுவாழ்வைப் பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. நாமோ வழக்குக்குப் போனால் நிவாரணத் தொகை வந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கவுன்சலிங் கேட்டு மனு எழுதும்போது அதிலேயே 10ஆம் பிரிவையும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த 6 மாதம் முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைகள் எந்தக் கடைக்குப் போனார்கள்? நானும் போய் விசாரிக்கவில்லை.