தொப்பிப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள்

"மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி" என்று ஒரு பழமொழி உண்டு. தாய்க்கும் தாரத்துக்கும் நடுவே தவிப்பவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சொல்வோம். ஆனால் அந்த இரண்டு பக்கமும் எப்படிப்பட்டவை என்று நாம் நின்று பார்த்ததில்லை. மத்தளத்தின் உறவுக்காரரான மிருதங்கத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் மிருதங்கத்தை முதன்முதலில் கேட்டது வானொலியில். எங்கள் வீட்டில் இருந்தது கையடக்கமான டிரான்சிஸ்டர். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அப்பா ஒலியைக் கூட்டிவைப்பார். 'நம்', 'தின்' என்று மணி மணியாகச் சொற்கள் வந்து விழும். மிருதங்கம் என்றால் அவ்வளவுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு வயதில் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு கச்சேரிக்குப் போனேன். கூட்டம் நெருக்கியதில், மிருதங்க வித்வானின் இடது கைப் பக்கமாக, மேடையை ஒட்டி இடம் கிடைத்தது. பாட்டு எடுத்துச் சற்று நேரத்தில் அவர் இடது கையால் ஒரு 'தொம்' போட்டார். அது காதுக்கு வருமுன் அடிவயிற்றுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடமும் பாதி வாத்தியத்தைத்தான் கேட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. சின்ன ஒலிபெருக்கியால் அடிநாதத்தைச் சுமக்க முடியாது. டிரான்சிஸ்டர் எனக்கு வலது கையை மட்டும் கொடுத்து, இடது கையைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. இன்று கைபேசியில் கேட்கிறவர்களுக்கும் அதே கதிதான்.

பலாக் கட்டையைக் குடைந்து செய்த ஒரே உடல். அதன் இரண்டு வாய்களையும் மூடியிருக்கும் தோல்களுக்குள் ஒற்றுமை தேடினால் கிடைப்பது குறைவு. வலது பக்கம் வலந்தலை, வாய் சிறியது. இடது பக்கம் தொப்பி. வாய் கொஞ்சம் பெரியது. வலந்தலையின் நடுவே கரணை என்கிற கறுப்பு வட்டம். சோறு என்றும் சொல்வார்கள். இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்து, வெந்த சோற்றோடு பிசைந்து பூசுவது அது.

ஒருமுறை ஒரு பட்டறையில் அது பூசப்படுவதை அருகிருந்து பார்த்தேன். பெரியவர் ஒருவர் சுண்டைக்காய் அளவு பசையை எடுத்துத் தோலின் நடுவில் வைத்துக் கட்டை விரலால் பரப்பினார். பிறகு வழவழப்பான ஒரு கல்லை எடுத்து, அது காய்ந்து இறுகும்வரை தேய்த்தார். அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சிறிய வட்டம். நடுநடுவே காதைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலால் ஓரத்தைச் சுண்டிப் பார்ப்பார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. அவர் தலையை அசைத்துவிட்டு இன்னும் ஒரு பூச்சு போட்டார்.

தொப்பிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கச்சேரி தொடங்குமுன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்பிக்கொள்வதுதான் வழக்கம். இப்போது ரப்பர் போன்ற பசையை ஒட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ரவை இல்லாத தொப்பியைத் தட்டினால் காலி டப்பாவைத் தட்டியதுபோல இருக்கும். ஈர ரவை ஏறியதும் குரல் கீழே இறங்கி, கனம் பெறும். இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை. இது இறுகிக் காய்ந்தது, அது ஈரமும் இளக்கமும். கரணை மாதக்கணக்கில் இருக்கும்; ரவைக்கு அன்றைய கச்சேரியோடு ஆயுள் முடிந்தது.

இந்தக் கரணை செய்யும் வேலை என்ன என்பதை சர் சி.வி. ராமன் ஆராய்ந்திருக்கிறார். 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930-களில் விரிவாக இன்னொரு கட்டுரை. சாதாரணத் தோல் கருவியை அடித்தால் எழுகிற பல அதிர்வுகளுக்குள் ஸ்வர உறவு இருக்காது. அதனால் முழக்கம் கேட்குமே தவிர சுருதி நிற்காது. நடுவில் பாரம் ஏற்றிய நம் கருவிகளில் அந்த அதிர்வுகள் கட்டுக்குள் வந்து, 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் ஐந்து ஒலிகளாகச் சேர்கின்றன என்று அவர் காட்டினார். தந்திக் கருவிக்குரிய குணம் தோலுக்கு வந்துவிடுகிறது. பட்டறைப் பெரியவர் காதைத் தாழ்த்தித் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஆக, வலந்தலை பாடகரின் ஆதார சட்ஜத்தில் உட்கார்ந்துகொண்டு அசையாது. தொப்பி அசைந்துகொண்டே இருக்கும். அடித்த கையை எடுக்காமல், மணிக்கட்டின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தள்ளினால் ஒலி 'கும்' என்று கீழிருந்து மேலே வளைந்து எழும். அதுதான் கும்கி. வலந்தலையால் இப்படிக் கமகம் பேச முடியாது. தொப்பியால் வலந்தலைபோல சட்ஜத்தில் நிற்க முடியாது. இது இரண்டின் குறையாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் வலந்தலையாகவே இருந்தால் காது சீக்கிரம் களைத்துப்போகும். இரண்டும் தொப்பியாக இருந்தால் பாட்டே அமுங்கிவிடும்.

குழந்தைக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே இதைத்தான் கையில் ஏற்றுகிறது. 'த தி தொம் நம்'. 'த' இடது கை, மூடிய ஒலி. 'தி' வலது கை, மூடிய ஒலி. 'தொம்' இடது கை, திறந்த ஒலி. 'நம்' வலது கை, திறந்த ஒலி. அந்த 'நம்' சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கிறது. அதே கணத்தில் மோதிர விரல் கரணையின் விளிம்பை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடாமல் அடித்தால் நாதம் சிதறும், அழுத்தித் தொட்டால் செத்துப்போகும்.

தொப்பியின் அருமையைச் சொல்லும்போது பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1908-ல் பிறந்து 1962-ல் மறைந்த அவர் புதுக்கோட்டை வழியில் வந்தவர். இடது கைப் பழக்கம் உள்ளவர். மற்றவர்கள் வலது கையால் வாசிக்கும் வலந்தலையை அவர் இடது கையால் வாசித்தார். அதனால் மேடையில் பிடில்காரரும் அவரும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு ஒப்பாதவர்கள் இருந்த காலத்தில், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவருக்காக இடம் மாற்றி உட்காரவைத்தார் என்று இசை உலகில் சொல்வார்கள். பிள்ளையின் கும்கியின் குழைவை இன்றைக்கும் ரசிகர்கள் நினைவுகூர்கிறார்கள். அதே காலத்தில் தஞ்சாவூர் வழியில் பாலக்காடு மணி ஐயர். இரண்டு பாணி, இரண்டு சிகரம். யார் பெரியவர் என்று வாதாடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. இரண்டையும் கேட்கிற பாக்கியம் நமக்கு இருக்கிறது.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மாடு, ஆடு, எருமை என்று மூன்றின் தோலும் சேர்ந்தால்தான் மிருதங்கம். அந்தத் தோலைத் தேடிப்போய், பதப்படுத்தி, மூட்டு கட்டி, வார் பிடித்துக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் பலர். வாசித்தவர்களில் பலர் தோலின் வாசனையே ஆகாத வீட்டிலிருந்து வந்தவர்கள். மணி ஐயரின் காதும், அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தின் கையும் பல ஆண்டுகள் சேர்ந்து தேடித்தான் அந்த நாதம் கிடைத்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் இந்தக் கைவினைஞர்களின் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். எதிரெதிரானவை சேர்ந்த அழகு என்று இதையும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்று தோலும் ஒரே கட்டையில் சரிசமமாக உட்கார்ந்தன. செய்தவரும் வாசித்தவரும் அப்படி உட்காரவில்லை. செய்தவரின் பெயரையும் மேடையிலேயே சொல்லும் வழக்கம் வர வேண்டும். பட்டறையில் பார்த்த அந்தப் பெரியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருகிறது.

அடுத்த முறை கச்சேரிக்குப் போனால், முடிந்தால் தொப்பிப் பக்கம் உட்காருங்கள். பாடகர் விளம்ப காலத்தில் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், வலது கை ஓய்ந்திருக்க, இடது கை மட்டும் ஒரு கும்கியால் அந்த இடைவெளியை நிரப்பும். அதைக் கேளுங்கள். மங்களம் முடிந்ததும் உடனே எழுந்துவிட வேண்டாம். வித்வான் காய்ந்துபோன ரவையை விரலால் சுரண்டி எடுப்பார். ஈரத் துணியால் தொப்பியைச் சுத்தமாகத் துடைப்பார். பிறகு வாத்தியத்தைத் திருப்பி, கரணையின் மேல் ஒரு தடவை உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உறையில் போடுவார்.