கையடக்கக் கருவியை விற்பது எது?



சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கேட்டு, "அப்பா, விளையாட்டுக் கருவி வேண்டும்" என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களை இழுப்பது ஏற்கெனவே பெயரெடுத்த விளையாட்டா, புதிய விளையாட்டா?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989-இல் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. புகழ்பெற்ற மாரியோ அவர்களிடமே இருந்தான். ஆயினும் அமெரிக்காவில் கருவியுடன் சேர்த்துக் கொடுத்தது டெட்ரிஸ். விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும், அவ்வளவுதான். மாரியோவைக் கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லாருமே வாங்குவார்கள் என்பது ஹென்க் ரோஜர்ஸ் என்பவர் சொன்ன யோசனை. பெரியவர்களும் விரும்பி ஆடினார்கள்.

1996-இல், ஏழு வயதாகிவிட்ட அதே கருவிக்குப் போக்கிமோன் புத்துயிர் கொடுத்தது. அதுவும் அன்று புதிய பெயரே. இரண்டு பதிப்புகள், ஒன்றில் கிடைக்கும் சில பிராணிகள் மற்றதில் கிடைக்கா. கம்பியால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பிள்ளை வாங்கினால் தோழனுக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது. கெட்டிக்கார வியாபாரம்தான்!

கருவியே இல்லாத வீட்டுக்குள் அதைக் கொண்டு சேர்ப்பதில் புதிய விளையாட்டுக்கே வலு அதிகம் என்பது என் எண்ணம்.

பழைய பெயரும் சும்மா இல்லை. 2011-இல் வந்த 'திரீ டிஎஸ்' கருவி முதலில் மந்தமாகத்தான் விற்றது. ஆண்டு முடிவில் மாரியோ வந்ததும் விற்பனை நிமிர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே, ஆகஸ்டு மாதத்தில், ஜப்பானில் அதன் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைத்திருந்தார்கள். மாரியோவுக்கு மட்டும் மாலை போட முடியாது.