ஒரு சோல்ஜரோட ஃபைல்ல என்ன இருக்கு?

இந்த வாரம் கோடிங் பத்தியோ ஏஐ பத்தியோ பேசப் போறதில்லை. ஒரு பத்தாம் வகுப்பு ஹோம்வொர்க் பத்திப் பேசப் போறேன்.

ஹோம்வொர்க் என்னோடது இல்லை. நான் டொரன்டோவுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. ஸ்கார்பரோவில ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். மேல் வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவங்க பொண்ணு பத்தாவது படிக்கிறா. போன வருஷம் அக்டோபர் கடைசியில ஒரு நாள் ராத்திரி லேப்டாப்போட கீழ இறங்கி வந்தா. "அண்ணா, உங்களுக்கு நேரம் இருக்கோ? ஒரு வெப்சைட்ல ஒராளைத் தேடணும். வருதில்லை."

"யாரைத் தேடணும்?"

"செத்துப்போன ஒரு சோல்ஜர்."

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். ஒன்டாரியோவில பத்தாம் வகுப்புல கனடா வரலாறு கட்டாயப் பாடம். முதல் உலகப் போர்ல இருந்துதான் அது ஆரம்பிக்கும். நவம்பர் 11 இங்க நினைவு தினம். 1918-ல அதே நாள் காலை 11 மணிக்குத்தான் முதல் உலகப் போர் நின்னுச்சு. அதனால வருஷா வருஷம் அந்த நேரத்துக்கு ஸ்கூல், ஆபீஸ், சில நேரம் சூப்பர் மார்க்கெட்ல கூட ரெண்டு நிமிஷம் எல்லாரும் அப்படியே நிப்பாங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இருந்தே சட்டையில சிவப்பு பாப்பி பூ குத்திக்குவாங்க. பெல்ஜியம் போர்க்களத்துல டாக்டரா இருந்த ஜான் மக்ரே 1915-ல எழுதின ஒரு கவிதையில அந்தப் பூ வரும். இங்க ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் அந்தக் கவிதை தெரியும்.

பொண்ணுக்கு இதெல்லாம் சலிச்சுப் போயிருந்தது. "ஒவ்வொரு வருசமும் இதேதான் அண்ணா. பொப்பி குத்தணும், எழும்பி நிக்கணும், அந்தப் பாட்டை வாசிக்கணும். ஆரெண்டே தெரியாத ஆக்களுக்கு எப்பிடிக் கவலைப்படுறது?"

நியாயமான கேள்விதானே? 80 லட்சம் பேர் கூட இல்லாத நாட்டுல இருந்து 6 லட்சத்துக்கும் மேல அந்தப் போர்ல படையில சேர்ந்தாங்க. 60,000-க்கும் மேல திரும்பி வரலை. இதைக் கேட்டதும் உங்க மனசுல யாராவது ஒரு முகம் வந்துச்சா? எனக்கும் வரலை.

அவங்க டீச்சருக்கு இந்தப் பிரச்சினை தெரிஞ்சிருக்கு. அதனால ஆளுக்கு ஒரு பேர் கொடுத்திருக்காங்க. பக்கத்து ஊர்ல இருக்கிற போர் நினைவுத்தூண்ல செதுக்கின பேர்ல ஒண்ணு. அந்த ஆளோட ஃபைலை எடு, படி, அவர் யாருன்னு வகுப்புல வந்து சொல்லு. அவ்வளவுதான் அசைன்மென்ட்.

இந்த முறையை ஒன்டாரியோவில ஸ்மித்ஸ் ஃபால்ஸ்ங்கிற சின்ன ஊர்ல பிளேக் சீவர்டுனு ஒரு வரலாறு டீச்சர் ஆரம்பிச்சார். அப்போ பேப்பர் நகல் வாங்கித்தான் படிக்கணும். இப்போ கனடாவோட தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் முதல் உலகப் போர் படை ஃபைல்களை முழுசா ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க. 2018-ல முடிச்சாங்க. 6,20,000-க்கும் மேல ஃபைல். லாகின் கேட்காது, காசு கேட்காது. நான் சம்பளத்துக்கு டேட்டாபேஸ் பாக்கிறவன். இதைப் பாத்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

தேடல் ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சோம். பேரோட ஸ்பெல்லிங்தான். தூண்ல ஒரு மாதிரி, ஃபைல்ல வேற மாதிரி. சேரும்போது எழுதின கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருக்கார்.

ஃபைல் திறந்தது. முதல் தாள் படையில சேரும்போது நிரப்பின படிவம். பேர், பிறந்த ஊர், என்ன தொழில், கல்யாணம் ஆச்சா, நெருங்கின சொந்தம் யார். பின்பக்கம் உயரம், மார்பளவு, கண்ணோட நிறம், முடியோட நிறம், என்ன மதம், உடம்புல அடையாளம் ஏதாவது உண்டா. நம்ம பையனுக்கு வயசு 19. பண்ணையில கூலி வேலை. உயரம் அஞ்சடி அஞ்சு அங்குலம். இடது கட்டைவிரல்ல ஒரு தழும்பு. நெருங்கின சொந்தம்: அம்மா.

பொண்ணு அந்தத் தழும்புலயே நின்னுட்டா. "எப்பிடி வந்திருக்கும்?" ஃபைல்ல அதுக்குப் பதில் இல்லை.

அப்புறம் சம்பளத் தாள். ஒரு சாதாரண சிப்பாய்க்கு நாளைக்கு 1 டாலர் 10 சென்ட். அதுல மாசாமாசம் அம்மாவுக்கு ஒரு பங்கு போயிருக்கு. ஒரு இடத்துல எஸ்ஓஎஸ்னு எழுதியிருந்தது. "உதவி கேட்டிருக்கானோ அண்ணா?"ன்னு கேட்டா. நானும் அப்படித்தான் நினைச்சேன். தேடிப் பாத்தா, படைப் பட்டியல்ல இருந்து பேரை எடுத்தாச்சுங்கிறதுக்கான சுருக்கம் அது. தேதி 1917 ஏப்ரல் 9. பிரான்ஸ்ல விமி மலைமுகட்டுச் சண்டையோட முதல் நாள். நாலு நாள்ல 3,598 கனடாக்காரங்க செத்த சண்டை அது. இவனோட உடம்பு கிடைக்கலை. பிரான்ஸ்ல செத்து, புதைச்ச இடம் தெரியாத 11,285 பேரோட பேர் விமி நினைவுச்சின்னத்துல இருக்கு. அதுல இவன் பேரும் ஒண்ணு.

கடைசித் தாள் பதக்கத்துக்கானது. மகனை இழந்த அம்மாக்களுக்குக் கனடா ஒரு வெள்ளிச் சிலுவை கொடுத்தது. அதை எந்த முகவரிக்கு அனுப்பினாங்கன்னு அதுல இருக்கு. முதல் தாள்ல இருந்த அதே அம்மா, அதே வீடு.

வகுப்புல டீச்சர் இன்னொரு ஆளைப் பத்தியும் சொல்லியிருக்காங்க. புக்கம் சிங். பஞ்சாப்ல இருந்து சின்ன வயசுலயே கனடா வந்த சீக்கியர். இந்தியர்கள் வராம இருக்கணும்னே கனடா 1908-ல ஒரு விதி போட்டது. சொந்த நாட்டுல இருந்து எங்கயும் மாறாம நேரா வந்தாத்தான் உள்ள விடுவோம்னு. 1914-ல 376 பேரோட கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவருக்கு வந்தது. ரெண்டு மாசம் துறைமுகத்துலயே நிறுத்தி வெச்சு, கிட்டத்தட்ட எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த மாசமே போர். மறு வருஷம் அதே கனடாவோட படையில புக்கம் சிங் சேர்ந்தார். 1916-ல ரெண்டு தடவை காயம். அப்புறம் காசநோய். 1919-ல கிச்சனர் நகரத்து ஆஸ்பத்திரியில செத்தார். வயசு 25. ரொம்ப வருஷம் கழிச்சு இங்கிலாந்துல ஒரு அடகுக் கடையில அவரோட பதக்கம் கிடைச்சது. விளிம்புல பேர் பொறிச்சிருந்ததால கல்லறையைக் கண்டுபிடிச்சாங்க. இப்போ வருஷா வருஷம் அங்க ஆளுங்க கூடுறாங்க.

டீச்சர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். தன் மக்கள் வந்த கப்பலைத் திருப்பி அனுப்பின நாட்டுக்காக அவர் ஏன் போனார்? பசங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்களாம். டீச்சர் எதையும் சரின்னு சொல்லலை. ஃபைல்ல இருக்கிறதைப் படிங்க, இல்லாததையும் குறிச்சு வைங்கன்னு மட்டும் சொன்னாங்களாம்.

இப்போ இந்த மாதிரித் தாள்தான் முக்கியம். ஏன்னா கேட்க ஆள் இல்லை. முதல் உலகப் போர்ல இருந்த கடைசி கனடா சிப்பாய் ஜான் பாப்காக் 2010-ல தன்னோட 109-வது வயசுல போயிட்டார். அதுக்கப்புறம் நடந்த போர்களுக்கு இன்னும் சாட்சி உண்டு. மெமரி ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்கு, முன்னாள் படையினர் வகுப்புக்கே வந்து பேசுவாங்க. ஒட்டாவா போர் அருங்காட்சியகம் ஸ்கூல்களுக்கு ஒரு பெட்டியை இலவசமா கடன் கொடுக்குது. உள்ள அந்தக் காலத்துச் சீருடை, இரும்புத் தொப்பி எல்லாம் இருக்கும், பசங்க கையில எடுத்துப் பாக்கலாம். அந்த அருங்காட்சியகத்தை வடிவமைச்ச ரேமண்ட் மோரியாமா, ஜப்பானிய வம்சாவளிங்கிற ஒரே காரணத்துக்காக, இரண்டாம் உலகப் போர்ல கனடா அரசே சின்னப் பையனா முகாம்ல அடைச்சு வெச்ச ஆள். நவம்பர் 11 காலை 11 மணிக்கு, முகம் தெரியாத ஒரு சிப்பாயோட கல்லறைக்கல் மேல மட்டும் வெயில் விழுற மாதிரி அங்க ஒரு அறையைக் கட்டியிருக்கார்.

சரி, ஹோம்வொர்க்குக்கு வர்றேன்.

அடுத்த நாள் மேல சாப்பிடக் கூப்பிட்டாங்க. சாப்பாட்டு மேசையில பொண்ணு அந்தப் படிவத்தை பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தா. அவளோட அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "என்ன தம்பி எழுதிக் கிடக்கு?"

படிச்சுச் சொன்னேன். உயரம், கண்ணு, தழும்பு.

"நூறு வருசத்துக்கு முந்தினதே? தழும்பையும் எழுதி வச்சிருக்கிறாங்கள்." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எங்கட பெடியன்ர உயரம் எனக்குத் தெரியாது. அளந்து பாக்கேல்லை. வாசல் நிலையில குனிஞ்சுதான் உள்ள வருவான்" அப்படின்னாங்க.

அந்த வீட்டுல மூணு வருஷமா இருக்கேன். அவங்களுக்கு ஒரு மகன் இருந்தார், 1990-ல காணாமப் போனார்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஹால்ல இருக்கிற போட்டோ யாருன்னு நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. பொண்ணுக்கு மாமான்னு தெரியும், அதுக்கு மேல அவளுக்கும் தெரியாது. வீட்டுல யாரும் பேசுறதில்லை.

அக்கா, அதான் பொண்ணோட அம்மா, அடுப்படியிலயே நின்னுட்டாங்க. இந்தப் பேச்சை நிறுத்தச் சொல்வாங்கன்னு நினைச்சேன். சொல்லலை.

பொண்ணு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தா. அந்தப் படிவத்துல இருக்கிற கேள்வியை ஒவ்வொண்ணா தமிழ்ல கேட்க ஆரம்பிச்சா. என்ன தொழில்? சைக்கிள் கடையில நிண்டவன். கண்ணு? என்னைப் போல. உடம்புல அடையாளம்? இதுக்கு அக்காதான் பதில் சொன்னாங்க, அடுப்படியில இருந்தே. "வலது புருவத்தில. வேம்பால விழுந்தவன். நான்தான் ஏறச் சொன்னனான்."

உயரம்னு போட்டிருந்த இடத்துல அவ எழுதினது இதுதான்: வாசல் நிலையில குனியணும்.

அந்தத் தாளை அவ ஸ்கூல்ல கொடுக்கலை. அசைன்மென்டுக்கு பண்ணைப் பையனோட கதைதான் போச்சு, நல்ல மார்க்கும் வந்தது. நவம்பர் 11 அன்னைக்கு ரெண்டு நிமிஷம் நிக்கும்போது என்ன நினைச்சேன்னு நான் கேட்டேன். "ரெண்டு பேரையும்தான் அண்ணா. ஆளுக்கு ஒரு நிமிசம்" அப்படின்னா.

இதைக் கேக்கிற நீங்க டீச்சரா இருந்தா, அந்த ஃபைல்ல ஒண்ணைத் திறந்து பாருங்க. எந்த நாட்டுப் பாடம் எடுத்தாலும் பரவாயில்லை. டீச்சர் இல்லைன்னா, உங்க ஹால்ல மாட்டியிருக்கிற போட்டோவுல யார் இருக்காங்கன்னு இந்த வாரம் வீட்டுல கேளுங்க. உயரத்துல இருந்து ஆரம்பிங்க. அது கேட்க ரொம்ப கஷ்டமான கேள்வி இல்லை.

இந்த எபிசோடை வெளியிட அம்மம்மாகிட்டயும் அக்காகிட்டயும் அனுமதி வாங்கிட்டேன். பேர் மட்டும் வேண்டாம்னாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.